பாமரர் பாட்டும் பண்டிதர் செவியும்: கோபாலகிருஷ்ண பாரதியார் சரித்திரம்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்ந்த சிறு பூசலை அன்பர்கள் மறந்திரார். இரவுணவிற்குப் பின் இளைஞர் சிலர் மேடையேறிச் சினிமாப் பாட்டுக்கள் பாடினர். முன்வரிசையில் வீற்றிருந்த பெரியவர் இருவர் எழுந்து புறம்போயினர். போகும்போது அவருள் ஒருவர், கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நாட்டிற்கு இப்படியும் ஒரு காலம் வந்ததே என்று வருந்திச் சொன்னார். மறுநாள் பாடிய பிள்ளைகளுள் ஒருவன் எம்மிடம் வந்து, அந்தப் பாரதியார் யார் என்று வினவினான். எட்டையபுரத்துப் பாரதியார் ஒருவரையே அவன் அறிவான். பெரியவர் வருத்தமும் பிள்ளையின் வினாவும் எம் நெஞ்சில் ஒருசேரத் தங்கின. மக்கள் விரும்பிப் பாடும் இசை நாளுக்கு நாள் தரங்குறைந்து வருகின்றதா என்பதை வாதமாகப் பேசின் முடிவு காண்பது அரிது. ஆகவே, அப்பெரியவர் சான்றாகக் காட்டிய பாரதியாரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். அவர் காலத்தில் அவர் பாட்டைக் கற்றோர் எவ்வாறு மதித்தனர் என்பது பலரும் அறியாதது. அதனை அறிந்தபின் எழுந்து புறம்போகும் முன் நாம் சற்றே தயங்குவோம்.

பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் ஊரில் 1810-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தார். இசைப்பயிற்சி வழிவழி வந்த அந்தணர் குடும்பம் அவருடையது. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். காவிரிக்கரை ஊர்களில் பிறர் ஆதரவில் வளர்ந்தார். மாயவரத்தில் துறவியார் ஒருவரிடம் வேதாந்த நூல்களைக் கற்றார். மணம் புரிந்துகொள்ளாது இறுதிவரை பிரமசாரியாகவே இருந்தார். மாயவரத்திற்கு அணித்தாகிய ஆனந்ததாண்டவபுரத்தில் அண்ணுவையர் என்னும் செல்வர் அவரை ஆதரித்து வந்தார். பிற்காலத்தில் அவர் வாசம் பெரும்பாலும் மாயவரத்திலேயே. நிலமும் பொருளும் தேடினாரில்லை. தில்லைக் கூத்தப்பெருமானிடத்து அவர்க்கிருந்த ஈடுபாடு பெரிது. அவர் கீர்த்தனங்களுள் பல அப்பெருமானைப் பற்றியனவே.

அவர் இசை பயின்ற வகையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பின்னால் வரும் செய்திக்கு அதுவே அடிநிலம். தஞ்சை மராட்டிய அரசகுலத்துக் கிளையொன்று அக்காலத்தில் திருவிடைமருதூரில் தங்கியிருந்தது. அவ்வவையில் இராமதாசர் என்னும் இந்துஸ்தானி வித்துவான் ஒருவர் இருந்தார். பாரதியார் அவரிடம் வடநாட்டு இசையைக் கற்றார். கனம் கிருஷ்ணையரிடத்தும் அவர் பழகிப் பயன்பெற்றார். கனமார்க்கம் என்பது உந்தியிலிருந்து குரலை எழுப்பி, சிங்கம் கர்ச்சித்தாற்போலப் பாடும் கடினமான முறை. பொப்பிலி கேசவையர் தஞ்சை அரசவையில் அதனைப் பாடிக்காட்டியபோது, அதனைக் கற்கத் துணிந்து கற்றவர் கிருஷ்ணையர். 1854-இல் மறைந்த அப்பெரியார் தமிழில் இனிய பதங்கள் பலவும் இயற்றியவர்.

திருவையாற்றில் தியாகராச சுவாமிகள் வாழ்ந்த காலமும் அதுவே. அவர் மறைந்தது 1847-இல். பாரதியார் ஒருகால் அவரைக் காணச் சென்றாராம். மாயவரப் பக்கத்தவர் என்றறிந்த சுவாமிகள், அங்குக் கோபாலகிருஷ்ண பாரதியார் என்றொருவர் உளராமே, அவரைத் தெரியுமா என்று கேட்டாராம். தாமே அவரென்று இவர் பணிவுடன் சொன்னார். அவ்வேளையில் சீடர்கள் ஆபோகி இராகத்தில் சுவாமிகளின் கீர்த்தனம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர். அவ்விராகத்தில் நீர் ஏதேனும் செய்ததுண்டா என்று சுவாமிகள் வினவ, இவர் மறுமொழி கூறாதிருந்து, மறுநாள் ஆபோகியில் புதியதொரு தமிழ்க் கீர்த்தனத்தைப் பாடிக் காட்டினாராம். தில்லைச் சபாபதியைப் பற்றிய அக்கீர்த்தனம் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றது. இவ்வரலாற்றைச் சொன்னவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

இத்தகைய பயிற்சியுடையார் சபை வித்துவானாகவே இருந்து காலங்கழித்திருக்கலாம். பாரதியாரோ கதைப்பாட்டில் இறங்கினார். திருநாளைப்போவார், இயற்பகையார், திருநீலகண்டர், காரைக்காலம்மையார் ஆகிய அடியார் வரலாறுகளைப் பாட்டுக்களாகச் செய்தார். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை.

சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு நாற்பதுக்குங் குறைந்த செய்யுட்களில் அடங்குவது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அவர் கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்து வந்தார் என்று சேக்கிழார் கூறுவர். கோயிலுள் ஒலித்த இசைக்குக் கருவி தந்தவர் கோயிலுக்கு வெளியே நின்றார். இதனைப் படிக்குந்தோறும் எமக்கு நெஞ்சு கனக்கும். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவர் நாள் கழித்தமைக்குச் சேக்கிழார் காட்டுங் காரணம் பிறப்புப் பற்றிய தயக்கமே. அங்கு ஆண்டை ஒருவர் இலர்.

பாரதியார் ஓர் ஆண்டையைப் படைத்தார். அவர் ஒரு வேதியர், நில உடைமையாளர். நந்தன் அவர் பண்ணையாள். தில்லைக்குப் போக விடை கேட்கும் நந்தனை அவர் வைகின்றார், தடுக்கின்றார்; முடிவில் நாற்பது வேலி நிலத்துப் பயிர்த்தொழிலை முடித்துவிட்டுப் போ என்கின்றார். இறைவன் அருளால் ஒரிரவில் பயிர் விளைந்து நிற்க, வேதியர் நந்தன் காலில் விழுகின்றார். இவை யாவும் பெரியபுராணத்தில் இல்லாதன. ஆயினும் காவிரிக்கரையில் பாரதியார் கண்முன் நாள்தோறும் நடந்த வாழ்க்கை அதுவே. பண்ணையாள் ஒருவன் ஒரு நாள் விடுமுறை பெற என்ன பாடு படவேண்டும் என்பதை அவர் புராணத்திற்குள் கொண்டுவந்து வைத்தார். நம்மவருள்ளும் நிலமுடையோர் பலர். அவ்வேதியர் பேச்சைக் கேட்கும்போது நம் வீட்டுப் பழங்கணக்குகளை நினையாதிருத்தல் எமக்கு இயலவில்லை.

பாட்டின் அமைப்பும் அவ்வாறே மேலும் கீழும் கலந்தது. பல்லவி அனுபல்லவி சரணங்களோடு கூடிய கீர்த்தனங்கள் ஒருபுறம். அவற்றில் இராமதாசரிடமும் கிருஷ்ணையரிடமும் பெற்ற இசைச்செல்வம் தெரியும். நொண்டிச்சிந்து, கண்ணிகள், மராட்டியர் கொணர்ந்த லாவணி, இருவர் மாறிமாறி உரையாடும் இருசொல் அலங்காரம் ஆகியன மறுபுறம். இவை தெருவிலும் களத்திலும் வழங்கியவை. சொற்களும் அத்தகையனவே; வைதலும் கெஞ்சலும் வாய்ப்பேச்சாகவே வரும். எழுத்தறியாதவர் இருமுறை கேட்டால் மூன்றாம் முறை உடன் பாடுவர். நாகப்பட்டினம் முதலிய இடங்களில் இது கதாகாலக்ஷேபமாக நடந்தபோது கூட்டம் பெருகிற்று. காரைக்காலில் இருந்த சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரி இதில் ஈடுபட்டு, 1860-களின் தொடக்கத்தில் இது நூலாக அச்சேறத் துணைநின்றார். அயல்நாட்டார் ஒருவர் இதனை மதித்தார். உள்நாட்டுப் பண்டிதர் மதித்தாரா என்பதை இனிக் காண்போம்.

அக்காலத்து மாயவரத்தில் வாழ்ந்தவர் மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். 1815-இல் பிறந்து 1876-இல் மறைந்த அப்பெருமானுக்கு நிகராகச் செய்யுள் இயற்றியவர் அந்நூற்றாண்டில் வேறொருவர் இலர். தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளும் கோவைகளுமாக அவர் பாடியன எண்ணிறந்தன. ஏடும் எழுத்தாணியுமாக மாணவர் அமர்ந்திருக்க, மழை பொழிந்தாற்போலச் சொல்லிக்கொண்டே செல்வார் என்பர். ஒரு நூல் வெளிப்படுங்கால் அவருடைய சிறப்புப்பாயிரம் முன்னே நின்றால் அதற்கு மறுப்பில்லை. பாரதியாரும் தம் நூலை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றார்.

பிள்ளையவர்களுக்கு அந்நூல் உவப்பாயில்லை. காரணங்கள் இரண்டு. ஒன்று, இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தமை. மற்றொன்று, சேக்கிழார் வாக்கிற்கு மாறாகக் கதையைத் திரித்தமை. சைவப் பெரும்புலவராகிய அவர்க்கு இரண்டும் பொறுக்கலாகாக் குற்றங்கள். முகத்துக்கு நேரே மறுக்கும் இயல்பும் அவர்க்கு இல்லை. ஆகவே பின்னர்ப் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லி நாள் கடத்தி வந்தார். பாரதியார் சலியாது பன்முறை வந்து போனார். தோற்றப் பொலிவில்லாத அவ்வெளிய உருவம் அவ்வீட்டுத் திண்ணைக்குப் பழகிப்போயிற்று.

இவ்விடத்தில் யாம் சிறிது நிற்கவேண்டியவராகின்றோம். யாமும் இலக்கணம் கற்பிப்பவர். சிவப்பு மையுடன் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துவது எம் நாட்தொழில். பண்டிதத் தேர்வுக்குப் படித்த இருபது வயதில் நந்தனார் கீர்த்தனைப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தபோது யாம் செய்த முதற்காரியம் அதிலுள்ள வழுக்களை ஓரத்தில் குறித்ததே. அப்புத்தகம் இன்றும் எம்மிடம் உளது. ஆகவே சொல்கின்றோம்: பிள்ளையவர்கள் கண்டது பொய்யன்று. வழு உண்டு, கதை மாற்றமும் உண்டு. அவர் பொறாமையால் மறுத்தவரல்லர். கற்ற கல்விக்கு உண்மையாக நின்றே மறுத்தார். பொதுமக்கள் விரும்பும் பாட்டைத் தாழ்வென்று ஒதுக்குவோர் அனைவரும் செருக்குடையர் என்று இக்காலத்து இளைஞர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அது நேர்மையன்று.

ஒருநாட் பிற்பகல் பிள்ளையவர்கள் உண்டபின் உள்ளே படுத்திருந்தார். பாரதியார் வழக்கம்போல் வந்தார். உறங்குகின்றார் என்று கேள்வியுற்றுத் திண்ணையில் அமர்ந்தார். பொழுது போகவேண்டுமே, தம் கீர்த்தனங்களைத் தமக்குள்ளே மெல்லப் பாடத் தொடங்கினார். எதிரே கேட்பார் ஒருவருமில்லை. கடைக்கண்ணால் எவரையும் நோக்கிப் பாடிய பாட்டன்று அது. தில்லையைக் காணாது ஏங்கும் நந்தன் மனம் பாட்டாகி, சன்னல் வழியே உள்ளே சென்றது. படுத்திருந்தவர் விழித்தார், எழவில்லை. கேட்டுக்கொண்டே கிடந்தார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிற்று. பிள்ளையவர்கள் கண்களில் நீர் பெருகிற்று. சிறிது நேரத்திற்கெல்லாம் வெளியே வந்து பாரதியாரைக் கண்டு உருகினார், இத்தனை நாளும் அலைக்கழித்தமைக்கு வருந்தினார், சிறப்புப்பாயிரமும் பாடிக்கொடுத்தார். அது நூலின் முகப்பில் அச்சாகி இன்றளவும் நிற்கின்றது.

அதனிடையில் பாரதியார் தம் நூலில் ஒரெழுத்தையேனும் திருத்தினாரில்லை. முன்னிருந்த வழுக்கள் அப்படியே இருந்தன. கதை மாற்றமும் அப்படியே இருந்தது. முன்னர்ப் பிள்ளையவர்கள் அதனைக் கண்ணாற் கண்டார். அன்று செவியாற் கேட்டார். பாடுவதற்கென்று பிறந்த பொருளை ஏட்டில் வைத்து அளந்தபோது குற்றம் மட்டுமே தெரிந்தது. இசையில் தோய்ந்து வந்தபோது அக்குற்றம் எங்கோ கரைந்துபோயிற்று. கனமார்க்கமும் இந்துஸ்தானியும் கற்றவர் ஒருவர், அக்கல்வி வெளியே தெரியாதபடி, பண்ணையாள் வாயில் வைத்துப் பாடக்கூடிய ஒரு மெட்டில் அதனை அடக்கியிருந்தார். அதனைச் செவியன்றி வேறெதனாலும் அறிதல் இயலாது.

பிள்ளையவர்கள் மனம் பாரதியாரளவில் மாறிற்றேயன்றி இசை பற்றிய எண்ணம் முழுதும் மாறிவிடவில்லை. 1871-ஆம் ஆண்டில் பதினாறு வயதுடைய சாமிநாதையர் தமிழ் கற்க மாயவரம் வந்தார். அவர் தந்தையார் இசைவல்லவர். கனம் கிருஷ்ணையரின் உறவினர். மகன் பாரதியாரிடம் சங்கீதமும் பயிலட்டும் என்பது அவர் விருப்பம். சில காலம் அவ்வாறே நடந்தது. பின்னர் இதனை அறிந்த பிள்ளையவர்கள், இசையில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி குன்றும் என்று கருதி அதனை விரும்பவில்லை. மாணவர் ஆசிரியர் குறிப்பறிந்து சங்கீதத்தை விட்டுவிட்டார். சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன, அது பெரும்பேறே. ஆயினும் 1940 முதலாக ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதிய அம்முதியவர், எழுபது ஆண்டுக்கு முன் விட்ட அவ்விசையை எத்துணை அன்போடு நினைக்கின்றார் என்பதைப் படித்தவர் அறிவர். பாரதியாரைப் பற்றித் தனியே ஒரு நூலும் எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிடின் மேற்கண்ட திண்ணைச் செய்தி நமக்கு எட்டியிராது.

மாயவரத்தில் முனிசீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையும் இவ்விருவர்க்கும் நண்பர். 1876 முதல் 1878 வரை நாட்டை வருத்திய பெரும்பஞ்சத்தில் அவர் பசித்தோர்க்குச் சோறிட்டார். அதனைக் கண்டு மகிழ்ந்து பாரதியார் அவர்மேல் ஒரு கீர்த்தனம் பாடினார். செல்வரைப் பாடிப் பொருள் பெறும் வழக்கமில்லாதவர் மனிதர் ஒருவரைப் பாடியது இத்தகையதொரு காரணத்திற்கே என்பது குறிக்கத்தக்கது. பாரதியார் 1896-இல் சிவபதமடைந்தார்.

நிற்க. அவர் மறைந்தபின் அவர் பாட்டு அடைந்த கதியைச் சொல்லாது இச்சரித்திரம் நிறைவுறாது. தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் முதலியோர் நந்தனார் கதையைக் காலக்ஷேபமாக ஊரூராகக் கொண்டுசென்றனர். நாடகக் கொட்டகைகளில் அது நடந்தது. சுப்பிரமணிய பாரதியார் நாட்டுப்பாடல் புனையத் தொடங்கியபோது, மக்கள் வாயிலிருந்த நந்தனார் மெட்டுக்களையே சிலவற்றிற்கு எடுத்துக்கொண்டார். ஆண்டை பண்ணையாளை அதட்டும் மெட்டு, வெள்ளைக்காரன் இந்தியனை அதட்டும் மெட்டாயிற்று. கேட்டவர்க்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

கச்சேரி மேடையிலோ கதி வேறு. தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனங்களைப் பாடி முடித்துக் கூட்டம் கலையும் நேரத்தில் துக்கடா என்னும் பெயரில் தமிழ்ப் பாட்டு ஒன்றிரண்டு பாடுவது வழக்கமாயிருந்தது. பாரதியார் கீர்த்தனங்கள் பலவும் அவ்வரிசையிலேயே நின்றன. தமிழ்ப் புலவர்க்கு இது இலக்கணம் பிழைத்த பாட்டு. சங்கீத வித்துவானுக்கு இது கனமில்லாத பாட்டு. இரு வீட்டாராலும் விருந்துக்கு அழைக்கப்படாத உறவினனைப்போல அது திண்ணையிலேயே இருந்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியதன் பின்னரே அந்நிலை மெல்ல மாறிற்று.

அதற்கு முன்னரே பேசும்படம் வந்துவிட்டது. 1935-இல் வெளிவந்த பக்த நந்தனாரில் கே. பி. சுந்தராம்பாள் ஆணுடை தரித்து நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். அவ்வம்மையார்க்கு அளிக்கப்பட்ட ஊதியம் ஒரு லட்ச ரூபாய் என்பது அக்காலத்தில் ஊரெங்கும் பேச்சு. படத்தைக் கல்கி நன்றாக நையாண்டி செய்தார். அதில் திறம்பட நடித்தவை பனைமரமும் எருமைக்கடாவும் ஆட்டுக்குட்டியுமே என்பது அவர் தீர்ப்பு. 1942-இல் ஜெமினியார் எடுத்த நந்தனாரில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்துப் பாடினார். அதில் பாரதியார் பாட்டுக்களுடன் பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோர் எழுதிய புதுப்பாட்டுக்களும் கலந்து வந்தன. கொட்டகையில் கேட்டோர் எது பழையது எது புதியது என்று பிரித்தறிந்திரார்.

நம் பெரியவர் எழுந்துபோனது சினிமாப் பாட்டைக் கேட்டு. அவர் போற்றிய பாரதியார் பாட்டு எண்ணற்ற குடும்பங்களுக்கு எட்டியது சினிமா வாயிலாகவே. இதனை அவர்க்கு நேரிற் சொன்னோம்; சிரித்துக்கொண்டார்.

அவ்வாறாயின் இசை தரங்குறையவே இல்லையா என்று கேட்பாருளர். எம் கருத்தை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைகள் பாடும் பாட்டைக் கேட்டு முகஞ்சுளித்தே வந்துள்ளது. பாரதியார் பாட்டைக் கேட்டுச் சுளித்தவர் நிகரற்ற ஒரு பெரும்புலவர் எனின், நம் சுளிப்பை நாம் பெரிதாக மதித்துக்கொள்ளற்க. ஆயினும் ஒரு குறை எமக்கு உண்மையாகவே தோன்றுகின்றது. பாரதியார் பாட்டைத் துணைக்கருவி ஒன்றுமின்றி ஒருவர் திண்ணையில் அமர்ந்து தமக்குத்தாமே பாடினால் அது முழுமையாக நின்றது. இக்காலத்துப் பாட்டுக்களுள் சில அவ்வாறு நிற்கின்றன. நம் வீட்டுப் பெண்கள் சமையற்கட்டில் முணுமுணுப்பதைக் கேட்டு யாமே வியந்ததுண்டு. வேறு பல, கருவிகளின் முழக்கத்தை நீக்கிவிட்டால் மெலிந்து வீழ்கின்றன. பாட்டு எளிதாயிருத்தலால் அவற்றிற்கு அக்குறை நேர்ந்ததன்று. எளிமைக்குப் பின்னே நிற்கவேண்டிய நெடும்பயிற்சி சிலவற்றில் இல்லை. இவ்வளவே எமக்குத் தெரிந்த வேறுபாடு. இதனையும் வரியை மட்டும் படித்துத் தீர்மானிக்க எமக்குத் துணிவில்லை.

நந்தனார் கீர்த்தனையைப் பற்றி இன்று வேறொரு மறுப்பும் எழுகின்றது. அதனையும் சொல்லவேண்டும். அதிலுள்ள சாதி வசைச்சொற்களைக் கேட்கப் பொறாதவர் பலர். நந்தன் இத்துணைக் கெஞ்சுவானேன், நெருப்பில் மூழ்கித்தான் கோயிலுக்குள் செல்லவேண்டுமா என்று அம்மக்கள் வழிவந்த கற்றோர் கேட்கின்றனர். பிள்ளையவர்கள் எழுப்பிய தடைக்குத் திண்ணையில் விடை கிடைத்தது. இத்தடைக்குப் பாட்டின் இனிமை விடையாகாது. இனிமையாயிருப்பதாலேயே வலி மிகுதி என்று அவர்கள் கூறின் நாம் அதனை மறுக்கும் நிலையில் இல்லை.

எம் வகுப்பில் சென்ற ஆண்டு ஒரு மாணவன் இருந்தான். வெண்பாவின் தளைகளை எத்தனை முறை விளக்கினும் அவன் தலையில் ஏறவில்லை. ஒருநாள் யாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் பின்வரிசையில் பாட்டொலி கேட்டுத் திரும்பினோம். பாடத்திலிருந்த வெண்பாவை அவன் ஒரு சினிமா மெட்டில் வைத்து மெல்லப் பாடிக்கொண்டிருந்தான். யாம் சினந்தோம், எழுப்பி நிற்கவைத்தோம், தமிழ்ச் செய்யுளுக்கு இழிவு செய்தாய் என்று வைதோம். அதன்பின் அவன் வகுப்பில் பாடவில்லை. தேர்வில் வெண்பாவுக்கு அலகிட்டு வாய்பாடு கூறும் வினாவுக்கு மட்டும் ஒரு பிழையுமின்றி விடையெழுதியிருந்தான். சீர் பிரியும் இடங்களை அவனுக்குக் காட்டியது அம்மெட்டே என்று யாம் உணர்ந்தபோது அவன் பள்ளியை விட்டுப் போயிருந்தான். ஆண்டுவிழா மேடையில் பாடி, மறுநாள் வந்து பாரதியார் யார் என்று கேட்டவன் அவனே.

வரும் ஆண்டுவிழாவில் இரவுணவிற்குப் பின் அரைமணி நேரம் எமக்கு ஒதுக்குமாறு சங்கத்துச் செயலரைக் கேட்டிருக்கின்றோம், அவரும் இசைந்துள்ளார். அப்பிள்ளைகள் நந்தனார் கீர்த்தனங்கள் இரண்டும், தாம் விரும்பும் சினிமாப் பாட்டுக்கள் இரண்டும் கருவிகளின்றிப் பாடுவர். மேடையில் பாடாது, மண்டபத்துத் திண்ணையில் அமர்ந்து பாடுவர். பெரியவர் இருவரும் உள்ளே இருந்து கேட்பதாக வாக்களித்திருக்கின்றனர்.